காபி மெஷினுக்குள் இரண்டு அழுக்கு

காபி மேக்கரைச் சுத்தம் செய்வது பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் எழுதுங்கள் என்று சென்ற இதழில் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களைப் படித்தபோது, மெஷின் மெதுவாகிவிட்டது என்பதும் காபி கசக்கிறது என்பதும் ஒரே கோளாறு என்று பலர் நினைத்துக்கொண்டிருப்பது தெரிந்தது. அது ஒன்றல்ல, இரண்டு. முதல் பதில் நீளமாக இருப்பதற்கு அதுதான் காரணம், பொறுமையாகப் படியுங்கள்.

கேள்வி: மூன்று வருடமாக ஒரு டிரிப் காபி மேக்கர் வைத்திருக்கிறேன். முன்பு ஒரு குடுவை நிறைய பத்து நிமிடம் போதும். இப்போது இருபது நிமிடம் ஆகிறது, நடுநடுவே உறுமுகிறது, குப்பென்று ஆவி வருகிறது. காபியும் கசக்கிறது. இரண்டு முறை வினிகர் ஊற்றி ஓடவிட்டேன். வேகம் கொஞ்சம் கூடியது, கசப்பு அப்படியே இருக்கிறது. மெஷினை மாற்றிவிடலாமா?

மாற்ற வேண்டாம். நீங்கள் பாதி வேலையைச் சரியாகவே செய்திருக்கிறீர்கள், மீதிப் பாதிக்கு வினிகர் மருந்தே அல்ல.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் இது சட்டென்று விளங்கிவிடும். டேங்கில் ஊற்றிய தண்ணீர் ஒருவழி வால்வு ஒன்றின் வழியாகக் கீழே இறங்கி, ஹாட் பிளேட்டுக்கு அடியில் வளைந்து கிடக்கும் மெல்லிய குழாய்க்குள் போகிறது. குடுவையைச் சூடாக வைத்திருக்கும் அதே ஹீட்டர்தான் இந்தக் குழாயையும் சூடாக்குகிறது. சாதாரண டிரிப் மெஷினில் பம்ப் எதுவும் கிடையாது. குழாயில் கொதிக்கும் தண்ணீரிலிருந்து கிளம்பும் குமிழிகள்தான் தண்ணீரை மேலே தள்ளிக்கொண்டு போய் காபித்தூள் மேல் கொட்டுகின்றன. தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடானதும் கார்பன் டை ஆக்சைடை வெளியே விட்டுவிட்டு, கால்சியம் கார்பனேட்டாக, அதாவது சுண்ணாம்புக்கல்லில் இருக்கிற அதே பொருளாக, குழாயின் உள்சுவரில் ஒட்டிக்கொள்கிறது. அந்தப் படிவு சூட்டை நன்றாகக் கடத்தாது. வழியும் குறுகும், சூடும் தண்ணீருக்குச் சரியாகப் போய்ச் சேராது, ஹீட்டர் பக்கம் மட்டும் சூடு ஏறி தெர்மோஸ்டாட் அணைத்து அணைத்துப் போடும். உறுமல், ஆவி, தாமதம் மூன்றும் இதனால் வருபவை. இது முதல் அழுக்கு, இதைக் கரைக்க அமிலம் வேண்டும். வினிகருக்கு உங்கள் மெஷினின் வேகம் கூடியது இதனால்தான்.

இரண்டாவது அழுக்கு எண்ணெய்ப் பிசுக்கு. காபிக்கொட்டையில் எண்ணெய் இருக்கிறது, வடிக்கும்போது அது கொஞ்சம் கொஞ்சமாக ஃபில்டர் கூடையிலும் குடுவையிலும் மூடியின் இடுக்குகளிலும் படிந்து, காற்றுபட்டுப் பட்டுக் காறிப்போகிறது. பழைய எண்ணெய்ப் பாத்திரத்தை மோந்து பார்த்தால் வருமே, அந்தக் காறல் வாடைதான் புதிதாக வடித்த காபியிலும் இறங்குகிறது. அமிலம் இந்தப் பிசுக்கை அசைக்கவே அசைக்காது. இதற்குச் சோப்போ காரமோ வேண்டும்: பாத்திரம் துலக்கும் சோப்பு, பிசுக்கு முற்றியிருந்தால் சோடியம் பெர்கார்பனேட் (தண்ணீரில் ஆக்சிஜனை விட்டுக் கறை நீக்கும் வெள்ளைப் பவுடர்), அல்லது காபி மெஷின் பிசுக்குக்கென்றே விற்கும் பவுடர்.

சரி, என்ன செய்யலாம். முதலில் கழற்ற முடிந்த எல்லாவற்றையும் கழற்றுங்கள். கூடை, குடுவை, குடுவையின் மூடி, கூடைக்கு அடியில் ஸ்பிரிங் வைத்த சின்ன அடைப்பான் (குடுவையை எடுத்ததும் சொட்டாமல் நிறுத்துவது). இந்தக் கடைசிப் பொருளைப் பெரும்பாலானோர் கவனிப்பதே இல்லை, பிசுக்கு அதிகம் தங்குவதோ அங்கேதான். கைபொறுக்கும் சூட்டில் தண்ணீரும் சோப்பும் போட்டு, பழைய டூத்பிரஷ்ஷால் இடுக்குகளைத் தேயுங்கள். கூடை பிளாஸ்டிக்காக இருந்து பழுப்பேறியிருந்தால், ஒரு லிட்டர் வெந்நீரில் ஒரு தேக்கரண்டி பெர்கார்பனேட்டைக் கரைத்து அரை மணி நேரம் ஊற விடுங்கள், பழுப்பு கழன்று தண்ணீரில் இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். அலுமினியப் பாகம் எதையும் அதில் போடாதீர்கள். தண்ணீர் கொட்டும் மேல்தட்டை ஈரத்துணியால் துடையுங்கள். சோப்பையோ பவுடரையோ டேங்கில் ஊற்றி ஓடவிடாதீர்கள், நுரை உள்ளே போனால் அலசி எடுப்பதற்குள் போதும் போதும் என்று ஆகிவிடும்.

அப்புறம் டேங்க் பக்கம் வாருங்கள். டேங்கில் கரி ஃபில்டர் இருந்தால் எடுத்து வெளியே வைத்துவிடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி, ஏறக்குறைய 30 கிராம், சிட்ரிக் அமிலத்தை வெளியிலேயே ஒரு பாத்திரத்தில் முழுதாகக் கரைத்து ஊற்றுங்கள். பாதி இறங்கும்வரை ஓடவிட்டு அணையுங்கள். அரை மணி நேரம் அப்படியே இருக்கட்டும், அமிலம் வேலை செய்வது இந்த நேரத்தில்தான். பிறகு மீதியை ஓடவிடுங்கள். கடைசியாக வெறும் தண்ணீரை இரண்டு மூன்று டேங்க் ஓட்டி அலசுங்கள். உங்கள் மெஷின் இவ்வளவு மெதுவாகியிருப்பதால் ஒரு தடவையில் முடியாது, அடுத்த வாரம் இன்னொரு தடவை செய்யுங்கள். சீக்கிரம் முடியட்டுமே என்று அமிலத்தை இரட்டிப்பாகப் போடவும் வேண்டாம், கொதிக்கக் கொதிக்கத் திரும்பத் திரும்ப ஓட்டவும் வேண்டாம். சுண்ணாம்பும் சிட்ரிக் அமிலமும் சேர்ந்து உண்டாகும் கால்சியம் சிட்ரேட், சூடு கூடக் கூடக் குறைவாகத்தான் கரையும். அளவு மீறினால் ஒரு படிவை எடுக்கப் போய் இன்னொரு படிவை உள்ளே விட்ட கதையாகிவிடும்.

எல்லாம் காய்ந்தபின் கூடையை மூக்கருகே வைத்து மோந்து பாருங்கள். ஒரு வாடையும் வரக் கூடாது. வந்தால் பிசுக்கு இன்னும் போகவில்லை என்று அர்த்தம்.

கேள்வி: வினிகரும் சமையல் சோடாவும் கலந்து ஊற்றினால் இரண்டு அழுக்கும் ஒரே நேரத்தில் போய்விடும் என்கிறார்கள். பொங்கி நுரைக்கிறதைப் பார்த்தால் நம்பத் தோன்றுகிறது.

நுரையைப் பார்த்து நம்பாதீர்கள். அமிலமும் காரமும் ஒன்றையொன்று தின்றுவிட்டு, கார்பன் டை ஆக்சைடு வாயு பொங்கி வெளியே போகிறது, அவ்வளவுதான். மிஞ்சுவது கொஞ்சம் உப்பு கலந்த தண்ணீர். சுண்ணாம்பைக் கரைக்க வேண்டிய அமிலமும் போச்சு, பிசுக்கை எடுக்க வேண்டிய சோடாவும் போச்சு. தனித்தனியாக, நடுவில் நன்றாக அலசிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: வினிகர், எலுமிச்சைச் சாறு, சிட்ரிக் அமிலம், கடையில் விற்கும் திரவம், இதில் எது நல்லது?

என் கை முதலில் போவது சிட்ரிக் அமிலத்துக்குத்தான். வாடை இல்லை, அளந்து போடலாம், அலசினால் போய்விடும். வினிகரும் வேலை செய்யும், சமையல் வினிகரில் அசெட்டிக் அமிலம் நான்கைந்து சதவீதம்தான் இருக்கும், சம அளவு தண்ணீர் கலந்து டிரிப் மெஷினுக்குப் பயன்படுத்தலாம். ஆனால் அதன் வாடை பிளாஸ்டிக்கிலும் ரப்பரிலும் ஏறிக்கொண்டு போகவே போகாது. சில தயாரிப்பாளர்கள் ரப்பர் வளையங்கள் கெட்டுவிடும் என்று வினிகரை வேண்டாம் என்றே கையேட்டில் போட்டிருக்கிறார்கள். நான் முதன்முதலாக வாங்கிய சின்ன எஸ்பிரெசோ மெஷினுக்கு மாதாமாதம் வினிகர் ஊற்றினேன், ஒரு வருடத்துக்குள் உள்ளே ஒரு ரப்பர் வளையம் இளகிப்போய்க் கீழே ஒழுக ஆரம்பித்தது. வினிகர்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனாலும் அதற்குப் பிறகு நான் எஸ்பிரெசோ மெஷினில் வினிகரை விட்டதில்லை.

எலுமிச்சைச் சாறு வேண்டாம். அதில் சர்க்கரையும் சதைத் துணுக்குகளும் இருக்கின்றன, மெல்லிய குழாய்க்குள் அவை போகக் கூடாது. கடைத் திரவங்களில் பெரும்பாலும் இருப்பது சிட்ரிக், லாக்டிக் அல்லது சல்ஃபாமிக் அமிலம்தான். உங்கள் மெஷினுக்கு இன்னதுதான் ஊற்ற வேண்டும் என்று கையேடு சொன்னால், குறிப்பாக வாரன்ட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது, அதன்படியே செய்யுங்கள். உள்ளே இருப்பது அலுமினியமா, பித்தளையா, ஸ்டீலா என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

கேள்வி: பிளீச் ஊற்றிக் கிருமி போகக் கழுவலாமா?

கூடாது. மெஷினுக்குள் அமிலம் கொஞ்சம் மிச்சமிருந்து அதில் பிளீச் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். அது நுரையீரலைப் பாதிக்கிற நச்சு வாயு. காபி மெஷின் பக்கமே பிளீச்சைக் கொண்டுபோக வேண்டாம்.

கேள்வி: வேலைக்குப் போகும் அவசரத்தில் டேங்கில் மீந்த தண்ணீரை அப்படியே விட்டுவிடுகிறேன். போன வாரம் டேங்கின் உள்பக்கம் வழவழவென்று ஏதோ கையில் ஒட்டியது. தண்ணீர் எப்படியும் கொதிக்கத்தானே போகிறது, அதில் என்ன ஆபத்து?

வழவழப்பு என்றால் நுண்ணுயிர்கள் சேர்ந்து படலம் கட்டிவிட்டன. பொருட்களின் சுகாதாரத் தரத்தைச் சோதிக்கும் என்.எஸ்.எஃப் என்ற அமைப்பு 2011-ல் சில வீடுகளில் அன்றாடப் பொருட்களைச் சோதித்தபோது, கிருமி அதிகமிருந்த இடங்களின் வரிசையில் காபி மேக்கரின் தண்ணீர் டேங்கும் வந்தது. இருட்டு, ஈரம், வெதுவெதுப்பு மூன்றும் ஒரே இடத்தில் இருந்தால் பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்?

தண்ணீர் சூடாகிறது என்பது உண்மைதான், ஆனால் சூடாவது ஹீட்டர் குழாயில். டேங்க் சூடாவதில்லை, மூடி சூடாவதில்லை. ஈரமான காபித்தூளைக் கூடையிலேயே விட்டுவிட்டால் அதிலும் ஒன்றிரண்டு நாளில் பூஞ்சை பிடித்துவிடும். பூஞ்சையின் வாடையும் சுவையும் சூட்டில் மறைந்துவிடுவதும் இல்லை.

டேங்க் கழற்றக் கூடியதாக இருந்தால் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி வெயிலிலோ காற்றிலோ முழுக்கக் காயவிடுங்கள். கழற்ற முடியாததென்றால் சோப்பு நனைத்த துணியால் எட்டும் இடமெல்லாம் துடைத்து, சுத்தமான துணியால் சோப்புப் போகத் துடைத்து, வெறும் தண்ணீரை இரண்டு முறை ஓட்டுங்கள். இனிமேல் தினமும் காலையில் தேவைப்படும் அளவுதான் தண்ணீர் ஊற்றுங்கள், காபி வடிந்ததும் தூளைக் கொட்டிவிட்டுக் கூடையை அலசி மெஷினின் மூடியைத் திறந்தே விட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஒரு நிமிட வேலை. காபி மேக்கருக்குச் செய்கிற பராமரிப்பில் இவ்வளவு பலன் தருவது வேறொன்றும் கிடையாது.

கேள்வி: மெஷினில் படிவே வரக் கூடாது என்று காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்றலாமா? ஆர்.ஓ. தண்ணீர்?

படிவு வராது, உண்மைதான். ஆனால் தாது உப்பே இல்லாத தண்ணீரில் காபி சப்பென்று இருக்கும், கொட்டையின் சாரத்தை இழுத்து வெளியே கொண்டுவருவதில் கால்சியத்துக்கும் மெக்னீசியத்துக்கும் பங்கு இருக்கிறது. தவிர, டேங்கிலோ பாய்லரிலோ தண்ணீர் இருக்கிறதா என்று சில மெஷின்கள் தண்ணீரின் மின்கடத்தலை வைத்துத்தான் கண்டுபிடிக்கின்றன; சுத்த நீரில் மின்சாரம் சரியாகக் கடத்தாததால் தண்ணீர் நிறைய இருந்தும் இல்லை என்று காட்டும். உப்பில்லாத தண்ணீர் உலோகத்தையும் மெல்ல அரிக்கக் கூடியது.

நடுவழிதான் நல்லது. தண்ணீரின் கடினத்தன்மையைக் காட்டும் பட்டை கிடைக்கிறது, நனைத்தால் நிறம் மாறும். லிட்டருக்கு 60 மில்லிகிராமுக்குள் இருந்தால் மென்நீர், 120 வரை மிதம், 180 வரை கடினம், அதற்கு மேல் மிகக் கடினம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மென்நீர் வீட்டில் வருடத்துக்கு இரண்டு முறை படிவு எடுத்தால் போதும். கடின நீர் வீட்டில் மாதம் ஒரு முறையோ இரண்டு மாதத்துக்கு ஒரு முறையோ எடுக்க வேண்டியிருக்கும். ஆர்.ஓ. தண்ணீர்தான் இருக்கிறது என்றால் அதோடு கொஞ்சம் குழாய்த் தண்ணீரைக் கலந்து, பட்டையில் நூறுக்குள் வருகிற மாதிரி வைத்துக்கொள்ளலாம். குழாய்த் தண்ணீர் குடிக்கத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: எஸ்பிரெசோ மெஷினைப் பின்னோக்கி அலச வேண்டும் என்று படித்தேன். துளையில்லாத கூடையும் வாங்கிவிட்டேன். என்னுடையது சின்ன மெஷின். செய்யலாமா?

கொஞ்சம் பொறுங்கள், முதலில் உங்கள் மெஷினில் மூவழி வால்வு (காபி இறங்கி முடிந்ததும் மீந்த அழுத்தத்தை வெளியே விடுவது) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காபி இறக்கி முடித்து நிறுத்தியதும், 'புஸ்' என்று சத்தம் வந்து கீழே உள்ள தட்டில் தண்ணீர் கொட்டுகிறதா? கைப்பிடியைக் கழற்றினால் காபித்தூள் வில்லை ஓரளவு உலர்ந்து வருகிறதா? அப்படியென்றால் வால்வு இருக்கிறது, செய்யலாம். சத்தமும் இல்லை, வில்லையும் சொதசொதவென்று இருக்கிறது என்றால் பெரும்பாலும் வால்வு இல்லை, துளையில்லாத கூடையை உபயோகிக்காதீர்கள். ஏறிய அழுத்தம் இறங்க வழியில்லாமல் உள்ளேயே நிற்கும், கைப்பிடியைத் திருப்பியதும் வெந்நீர் மேலே தெறிக்கும். சந்தேகமாக இருந்தால் கையேட்டைப் பார்த்து உறுதி செய்துகொண்டு தொடங்குங்கள்.

வால்வு இருக்கிறவர்கள் செய்ய வேண்டியது இது. துளையில்லாத கூடையில் அரைத் தேக்கரண்டி காபி மெஷின் பவுடரைப் போட்டு மாட்டி, பத்து விநாடி ஓட்டி, பத்து விநாடி நிறுத்தி, இப்படி ஐந்து தடவை. ஒவ்வொரு தடவை நிறுத்தும்போதும் பழுப்பு நுரை தட்டில் கொட்டும். அது காபி போகிற வழியில் அப்பியிருந்த எண்ணெய். பிறகு கூடையைக் கழுவி, பவுடர் இல்லாமல் அதே போல ஐந்து தடவை, தண்ணீர் தெளிவாக வரும்வரை. தினம் இரண்டு மூன்று காபி போடுகிற வீட்டில் பவுடரோடு மாதம் ஒன்றிரண்டு தடவை, வெறும் தண்ணீரில் வாரம் ஒரு தடவை போதும்.

வால்வு இல்லாதவர்கள் ஏமாந்துபோக வேண்டாம். காபித்தூளுக்கு மேலே மெஷினில் திருகியிருக்கும் சல்லடைத் தட்டைக் கழற்றிப் பாருங்கள். வாங்கியதிலிருந்து கழற்றாதவர்கள் அதன் பின்பக்கத்தைப் பார்த்தால் அதிர்ந்துதான் போவார்கள், தார் பூசிய மாதிரி இருக்கும். அதையும் துளையுள்ள கூடையையும் பவுடர் கரைத்த வெந்நீரில் இருபது நிமிடம் ஊறப்போட்டுத் தேய்த்து அலசி மாட்டுங்கள். கைப்பிடியின் பிளாஸ்டிக்கோ மரமோ அந்தத் தண்ணீரில் மூழ்கக் கூடாது. கைப்பிடி அலுமினியமாக இருந்தால் ஊறப்போடவே கூடாது, காரம் அதை அரித்துக் கறுப்பாக்கிவிடும். சல்லடையைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தை விரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று இருந்தால் சரி. கல் மாதிரி கெட்டியாகி ஓரத்தில் காபி ஒழுகினால் புதிது மாற்றுங்கள், பெரிய வேலை இல்லை.

கேள்வி: பால் நுரைக்கும் ஆவிக்குழாயில் ஆவி இப்போது ஒரு பக்கமாகத்தான் வருகிறது.

ஒரு துளையில் பால் காய்ந்து அடைத்திருக்கிறது. முனையைக் கழற்றி வெந்நீரில் ஊறவைத்து மெல்லிய ஊசியால் குத்தி எடுங்கள், முனை கழலாது என்றால் குழாயை வெந்நீர்க் குவளையில் கால் மணி நேரம் முங்க விடுங்கள். அப்புறம் வழக்கத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும். பால் நுரைத்த அடுத்த விநாடியே ஈரத்துணியால் துடைத்து, இரண்டு விநாடி ஆவியைத் திறந்துவிட்டு உள்ளே ஏறிய பாலை வெளியே தள்ளுங்கள். ஆவியை நிறுத்தியதும் குழாய்க்குள் குளிர்ந்து வெற்றிடம் உண்டாகி பாலை மேலே இழுக்கும், அதனால் வெளியே துடைப்பது மட்டும் போதாது. இதில் மட்டும் சோம்பல் கூடாது. சுண்ணாம்பு மெஷினைக் கெடுக்கும், எண்ணெய் சுவையைக் கெடுக்கும், கெட்ட பால் வயிற்றையே கெடுத்துவிடும்.

கேள்வி: அலுமினிய மோக்கா பாட்டை (அடுப்பில் வைத்துக் காபி வடிக்கும் பாத்திரம்) பாத்திரம் கழுவும் மெஷினில் போட்டேன். சாம்பல் நிறமாகித் தொட்டால் கையில் கறுப்பு ஒட்டுகிறது. தூக்கிப்போட வேண்டியதுதானா?

வேண்டியதில்லை. கழுவும் மெஷின் பவுடரில் உள்ள காரம் அலுமினியத்தின் மேல் இருக்கிற ஆக்சைடு படலத்தை அரித்துவிட்டது. உள்ளே, வெளியே இரண்டு பக்கமும் மிருதுவான பஞ்சால் சிட்ரிக் அமிலத் தண்ணீர் தொட்டுத் தேய்த்து அலசிக் காயவையுங்கள். பழைய பளபளப்பு வராது, ஆனால் கையில் கறுப்பு ஒட்டுவது நிற்கும். இரண்டு மூன்று முறை காபி போட்டுக் கீழே கொட்டிவிட்டுப் பிறகு குடியுங்கள். உலோகத்தில் குழிகள் விழுந்து மாவு மாதிரி உதிர்ந்துகொண்டே இருந்தால் மட்டும் மாற்றுங்கள்.

பலரும் மோக்கா பாட்டைச் சோப்பே போடாமல் வெந்நீரில் அலசிவிட்டு, எண்ணெய் படிந்தால்தான் காபி ருசிக்கும் என்பார்கள். நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. படிந்த எண்ணெய் காறும், பாத்திரம் எதுவானாலும் சரி. லேசான பாத்திர சோப்பும் மிருதுவான பஞ்சும் அலுமினியத்துக்குக் கெடுதல் செய்யாது.

இதைவிட முக்கியம் ஒன்று இருக்கிறது. கீழ்ப்பாத்திரத்தின் பக்கவாட்டில் சின்னப் பித்தளைக் குமிழ் ஒன்று தெரியும், அது பாதுகாப்பு வால்வு. ஃபில்டர் அடைத்துக்கொண்டால் அழுத்தம் வெளியேற அது ஒன்றுதான் வழி. அதன் உள்பக்கம் சுண்ணாம்பு படிந்து இறுகியிருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள். நடுவில் ஊசி இருக்கும் வகையாக இருந்தால் விரலால் அசைத்தால் அசைய வேண்டும். தண்ணீரை எப்போதும் அந்த வால்வுக்குக் கீழே நிற்கும்படிதான் ஊற்ற வேண்டும்.

கேள்வி: காபிக்கொட்டை அரைக்கும் மெஷினில் அரிசியைப் போட்டு அரைத்தால் சுத்தமாகிவிடுமா?

வேண்டாம். பச்சரிசியோ புழுங்கலோ, வறுத்த காபிக்கொட்டையைவிட அரிசி மிகவும் கெட்டி. வறுத்த கொட்டை படக்கென்று நொறுங்கும், அரிசி அப்படி நொறுங்காது, அரைக்கும் பற்களுக்கும் மோட்டாருக்கும் அது சுமை. அரிசி மாவும் இடுக்குகளில் தங்கிக்கொள்ளும். பல தயாரிப்பாளர்கள் அரிசியைப் போடாதீர்கள் என்றே சொல்கிறார்கள்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு மேல் பல்லைக் கழற்றி, உலர்ந்த பிரஷ்ஷால் துடையுங்கள், தண்ணீர் படக் கூடாது. உங்கள் கொட்டை கறுப்பாக வறுத்து எண்ணெய் மினுங்குகிற வகையென்றால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, இல்லாவிட்டால் மாதம் ஒரு முறை. திரும்ப மாட்டும்போது பல் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள், கோணலாக உட்கார்ந்தால் தூள் ஒரே சீராக வராது.

கேள்வி: காகித ஃபில்டருக்குப் பதில் உலோக வலை வாங்கினேன். குடுவை சீக்கிரம் பிசுபிசுக்கிறது. வலையில் கோளாறா?

வலையில் கோளாறு இல்லை. மெலிட்டா பென்ட்ஸ் 1908-ல் காகித ஃபில்டருக்குக் காப்புரிமை பெற்றார், காபியில் அடிமண்டி வராமல் தடுப்பதற்காக. மண்டியோடு சேர்த்து எண்ணெயையும் காகிதம் பெருமளவு பிடித்துக்கொள்கிறது. உலோக வலை எண்ணெயை விட்டுவிடும். அதனால்தான் காபி கொழகொழவென்று அடர்த்தியாகத் தெரிகிறது, குடுவையிலும் பிசுக்கு ஏறுகிறது. வலையைத் தினமும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், வெறும் தண்ணீரில் அலசுவது போதாது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் எந்தத் துளைகள் அடைத்திருக்கின்றன என்று தெரியும். அடைத்திருந்தால் பெர்கார்பனேட் ஊறல்தான், ஸ்டீல் வலைக்கு அது ஒன்றும் செய்யாது. பிரெஞ்சு பிரஸ் வைத்திருப்பவர்களும் இதையே செய்யலாம், அதன் வலையைத் தட்டு தட்டாகத் திருகிக் கழற்றிவிட்டு.

கேள்வி: சூடு தாங்கும் ஸ்டீல் குடுவையின் உள்ளே கறுத்துப்போய் வாடை வருகிறது. கை உள்ளே போகவில்லை.

கை போகவே தேவையில்லை. ஒரு மேசைக்கரண்டி பெர்கார்பனேட்டைப் போட்டு, கொதித்து இறங்கிய வெந்நீரை நிறைய ஊற்றி, ஒரு மணி நேரம் பாத்திரம் கழுவும் தொட்டியில் வைத்துவிடுங்கள். மூடியைப் போட்டுவிடாதீர்கள்! அது ஆக்சிஜனை விட்டுக்கொண்டே இருக்கும், மூடினால் அழுத்தம் ஏறி மூடி பிய்த்துக்கொண்டு போகும். பிறகு கொட்டி, நாலைந்து முறை அலசுங்கள். மூடியைத் தனியாகக் கழற்றி அதன் ரப்பரைப் பிரித்துக் கழுவுங்கள், பாதி வாடை அங்கேதான் இருக்கும். குடுவையை முழுதாகத் தண்ணீரில் மூழ்கப்போட வேண்டாம், அடிப்பக்க இணைப்பில் தண்ணீர் ஏறினால் வெளியே வராது.

கேள்வி: வடிக்கும்போது கூடை நிரம்பி வழிந்து, தூளும் தண்ணீரும் மேடையெல்லாம் ஓடுகிறது.

தூள் மிக நைசாக இருக்கலாம், இரண்டு காகித ஃபில்டர் ஒட்டிக்கொண்டு ஒன்றாக வந்திருக்கலாம், அடியில் உள்ள அந்த ஸ்பிரிங் அடைப்பான் பிசுக்கேறி முழுதாகத் திறக்காமல் இருக்கலாம், குடுவை சரியாக உள்ளே தள்ளப்படாமல் அடைப்பானை அழுத்தாமல் நிற்கலாம். இந்த வரிசையில் பாருங்கள், கடைசிக்குப் போவதற்குள் ஆள் அகப்பட்டுவிடும்.

கேள்வி: என் தானியங்கி மெஷினில் 'படிவு நீக்கவும்' என்று சிவப்பு விளக்கு எரிகிறது. போன மாதம்தான் கையால் சிட்ரிக் அமிலம் ஓட்டினேன், இருந்தும் அணையவில்லை.

அந்த விளக்குக்கு உள்ளே படிவு இருப்பது தெரியாது. பெரும்பாலான மெஷின்களில் அது எத்தனை லிட்டர் தண்ணீர் ஓடியது என்று எண்ணிக்கொண்டு, நீங்கள் அமைப்பில் கொடுத்த கடினத்தன்மைக்கு ஏற்றபடி நாள் வந்ததும் எரிகிறது. நீங்கள் கையால் செய்ததை அது கணக்கில் எடுக்காது. மெஷினின் சொந்தப் படிவு நீக்கும் ஓட்டத்தைத் தொடங்கி, இடையில் நிறுத்தாமல் கடைசி அலசல் வரை முடித்தால்தான் எண்ணிக்கை பூஜ்யத்துக்குத் திரும்பும். நடுவில் மின்சாரம் போனாலோ டேங்கை முன்னதாக எடுத்தாலோ மறுபடி ஆரம்பத்திலிருந்து கேட்கும்.

அப்படியே அமைப்பில் கடினத்தன்மை எவ்வளவு போட்டிருக்கிறது என்றும் பாருங்கள். வாங்கியபோது இருந்த எண்ணையே பலரும் விட்டுவிடுகிறார்கள், உங்கள் தண்ணீர் மென்நீராக இருந்தால் விளக்கு வீணாக அடிக்கடி எரியும்; கடின நீராக இருந்து எண் குறைவாக இருந்தால் விளக்கு எரிவதற்குள் குழாய் அடைத்துவிடும். பட்டையை நனைத்துப் பார்த்து எண்ணைத் திருத்திவிட்டு, படிவு நீக்கும் ஓட்டத்தை இந்த வார இறுதியிலேயே ஒரு தடவை முழுசாக ஓட்டிவிடுங்கள். உள்ளே கழன்று வரும் வடிப்புப் பகுதி இருந்தால் அன்றைக்கே அதையும் எடுத்து, சோப்பில்லாமல் வெதுவெதுப்பான தண்ணீரில் அலசிக் காயவைத்து மாட்டுங்கள், சோப்புப் போட்டால் அதில் தடவியிருக்கும் கிரீஸ் போய்விடும்.